ஏழாவது புகைப்பெட்டி

"எந்தப் பெட்டி நல்ல பெட்டி?"

வந்ததும் வராததுமாகத் தைரியநாதன் இதைத்தான் கேட்டார். ஒரு வணக்கம் இல்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஆக்னஸ் பன்றித் தொடைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன பெட்டிங்கய்யா?"

"புகைப்பெட்டிம்மா. கறிக்கும் சீஸுக்கும் புகை போடுற பெட்டி. உன் சீஸ் மாதிரி இந்த மலையிலேயே கிடையாதுன்னு சொல்றாங்க. பண்ணைக்காட்டுல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

ஆக்னஸுக்கு முப்பத்தாறு வயது. பூம்பாறைக்கு மேலே நாலு மாடும் ஒரு தகரக் கொட்டகையும் வைத்துப் பிழைக்கிறவள். தைரியநாதனுக்கு அறுபத்திரண்டு. சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசித் துளையில் ஆவி கசிந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் மகள் வயசுக்காரியிடம் வந்து நிற்கிறார் என்றால், எவ்வளவு அடிபட்டிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"உங்ககிட்ட இப்ப எத்தனை பெட்டி இருக்கு?"

"ஆறு."

அவள் கை நின்றது.

"ஆறா?"

"முதல்ல ஒரு டிரம். அப்புறம் செங்கல்ல கட்டினேன். கேஸ்ல ஓடுறது ஒண்ணு. கரண்ட்ல ஓடுறது பார்சல்ல வந்துச்சு. பழைய ஃபிரிட்ஜைக்கூட விட்டுவைக்கல. உள்ள இருந்த பிளாஸ்டிக் உருகி வீடே நாறிப்போச்சு. என் வீட்டுக்காரி மூணு நாள் பேசல."

"ஆறாவது?"

"அதைக் கேக்காத."

ஆக்னஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கறி எப்படி வருது?"

"ஃபிரிட்ஜைத் தவிர எல்லாத்துலயும் நல்லாத்தான் வருது. சீஸ்தான் மானத்தை வாங்குது. ஆறுலயும் ஒரே கசப்பு. வாயில வைக்க முடியல."

"அந்த சீஸையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"நாய்க்குப் போட்டேன்."

"நாய் தின்னுச்சா?"

"அது மோந்து பாத்துட்டுத் தோட்டத்துல குழி தோண்டிப் புதைச்சுடுச்சு. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுத் தோண்டி எடுத்துத் திங்குது. நாய்ப் புத்தி!"

ஆக்னஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 

"கறிதான் வருதே. ஏழாவது பெட்டி எதுக்கு?"

தைரியநாதன் இப்போதுதான் செருப்பைக் கழற்றினார். பலகையில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு நல்ல சீஸ் வேணும்மா. ஒண்ணே ஒண்ணு போதும். அதைக் கொண்டுபோய் இருளப்பன் முன்னால வைக்கணும்."

"அது யாரு?"

அவர் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

இருளப்பன் பண்ணைக்காட்டுக் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். நாற்பது வருஷச் சிநேகிதம். ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முதல் டிரம்மை ஆசை ஆசையாக அடித்துக் கொடுத்தவன் அவன்தான். மாதா கோயில் திருவிழாவன்று காலையில் டிரம்மில் இருந்து எடுத்த சீஸை, மத்தியானப் பந்தியில் பெருமையாக வைத்தார் தைரியநாதன். நாற்பது பேர் வாயில் வைத்தார்கள், நாற்பது பேரும் துப்பினார்கள்.

அவமானம் தாங்காமல் அவர் எழுந்து நின்று சொன்னார்: "இவன் கை பட்டா இரும்பே கசக்கும்!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. இருளப்பன் பாதி இலையில் எழுந்து போனான்.

அன்றிலிருந்து அவன் பட்டறைக்குக் கடைத்தெருவில் 'கசப்புப் பட்டறை' என்று பெயர். டிரம் கேட்டிருந்த காட்டேஜ்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. வழியில் எதிர்ப்பட்டால் இருளப்பன், "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

"அந்த சார்தான்மா பொறுக்க முடியல" என்றார் தைரியநாதன்.

"நல்ல சீஸ் கொண்டுபோய் வச்சா?"

"கோளாறு அவன் டிரம்லதான்னு அவனுக்கே புரிஞ்சிடும். நான் சொன்னது சரின்னு ஆயிடும். அப்புறம் பேசுவான்ல?"

அடக் கடவுளே! சண்டையில் ஜெயித்துவிட்டுச் சமாதானம் பேசலாம் என்று நினைக்கிற ஆட்கள் நம்மிலும் இருக்கத்தானே செய்கிறார்கள்.

"மத்த அஞ்சு பெட்டியும் கசந்துச்சே?"

"அதுங்களுக்கு வேற வேற கோளாறு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஆக்னஸ் கையைக் கழுவினாள்.

"வாங்க."

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய இரும்பு பீரோ நின்றது. கதவு சரியாகச் சாத்தாமல் கயிற்றால் கட்டியிருந்தது. ஆறடி தள்ளி நாலு செங்கல்லை வைத்து ஒரு அடுப்பு. அடுப்பிலிருந்து ஒரு தகரக் குழாய் பீரோவின் அடிக்குப் போயிற்று. மேலே ஒரு ஓட்டை.

தைரியநாதன் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுவா உன் பெட்டி?"

"இதுதான்."

"இதுல மூணு இடத்துல கசியுது."

"நாலு. பின்னால ஒண்ணு இருக்கு, நீங்க பாக்கல."

அவருக்குக் கை பரபரத்தது. ஈரச்சாக்கைக் கிழித்து மேல் ஓட்டையில் திணித்தார். ஆக்னஸ் உருவிப் போட்டாள்.

"புகையெல்லாம் வீணாப் போகுதேம்மா!"

"போகட்டும். வந்த விருந்தாளி கிளம்பவே இல்லன்னா உங்க வீட்டுல எப்படி இருக்கும்?"

அவர் தன் மைத்துனனை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார்.

"எந்தப் பெட்டி நல்ல பெட்டின்னு கேட்டீங்கல்ல? உள்ள கையை விடுங்க."

விட்டார்.

"சுடுதா?"

"இல்ல."

"கையில புகை படுதா?"

"படுது."

"அவ்வளவுதான். சீஸுக்கு இது நல்ல பெட்டி. அடுப்பைக் கிட்டத்துல தள்ளிவச்சுச் சூடு ஏத்தினா கறிக்கும் இதுவே நல்ல பெட்டி."

"என் டிரம்லயும் சுடாதே! முப்பது டிகிரிக்கு மேல ஏற விட்டதில்ல. நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றாள் ஆக்னஸ். ஒரு சீஸ் கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்களே போடுங்க. உங்க கையால."

போட்டார். காய்ந்த காப்பிக் கட்டையைச் சீவி, தீ எழாமல் கனிய விட்டார். கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பாய்லர் முன்னால்கூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. மேகம் வந்து தோட்டத்தை மூடிற்று, விலகிற்று. சீஸ் பொன்னிறமாகி வந்தது.

எடுத்தார். பொறுக்கவில்லை, அங்கேயே கத்தியால் ஒரு சீவல் அறுத்து வாயில் போட்டார்.

துப்பினார்.

"கசக்குது!"

"கசக்கும்."

"உன் பெட்டியிலயும் கசக்குதே!"

சொன்னபோது அவர் முகத்தில் பாதி அதிர்ச்சி, பாதி சந்தோஷம். உலகத்தில் நல்ல பெட்டியே கிடையாது என்று ஆகிவிட்டால்கூட அவருக்குச் சம்மதம்தான்.

ஆக்னஸ் மிச்சக் கட்டியை வாங்கி எண்ணெய்த்தாளில் சுற்றினாள். மேலே பென்சிலால் அன்றைய தேதியைப் போட்டு, கொட்டகைக்குள்ளே கல்லால் கட்டிய குளிர்ந்த அறையில் இருந்த அலமாரியில் வைத்தாள். அங்கே அதே மாதிரி வரிசையாகப் பொட்டலங்கள் இருந்தன. ஓரத்தில் இருந்த ஒன்றைப் பிரித்து ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தாள்.

தைரியநாதன் கடித்தார்.

மெதுவாக மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். பால் வாசமும் புகை வாசமும் ஒன்றாகக் கலந்து, தொண்டையில் இறங்கிய பிறகும் வாயில் நின்றது. கசப்பு என்ற பேச்சே இல்லை.

"இது... இது எந்தப் பெட்டி?"

"அதே பீரோதான்."

"எந்தக் கட்டை?"

"அதே காப்பிக் கட்டை."

"வேற பக்குவம் ஏதாவது?"

அவள் பொட்டலத்தாளை அவரிடம் நீட்டினாள். ஓய்வு பெற்றாலும் பாய்லர் பார்த்த கண் அல்லவா, நேராகத் தேதிக்குப் போயிற்று. விரல் மடக்கினார்.

"பதினஞ்சு நாள்."

"புகை போட்ட அன்னைக்குக் கசப்பு அத்தனையும் மேலேயே நிக்கும். சுத்தி வச்சுட்டா மெல்ல உள்ள இறங்கிப் பரவிடும். கறிக்கு இந்தத் தொல்லை இல்ல. சீஸுக்கு உண்டு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பெட்டியைப் பத்தித்தானே கேட்டீங்க?"

தைரியநாதனுக்குத் தோட்டத்தில் குழி தோண்டின நாயின் ஞாபகம் வந்தது. அதை முந்திக்கொண்டு இன்னொரு ஞாபகம் வந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்போ அந்த டிரம்..."

"நல்ல டிரம்மாத்தான் இருக்கும்" என்றாள் ஆக்னஸ்.

"அவன் வேலையில ஒரு குத்தமும் இல்ல."

"நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா இல்ல."

"ரெண்டு வருஷம்மா! நாற்பது பேர் முன்னால..."  வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அறுபத்திரண்டு வயதில் அப்படியொரு வெட்கம் வந்தால் ஆள் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

ஆக்னஸ் மறுபடி உப்பை அள்ளிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்குங்கய்யா."

மறுநாள் காலையில் கடைத்தெரு நிறைந்திருந்தது. சந்தை நாள். பட்டறை வாசலில் இரும்புக் கேட் வாங்க வந்தவர்கள், டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் என்று பத்திருபது பேர். கூட்டம் கலையட்டும் என்று தைரியநாதன் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

இருளப்பன் முகமூடியைத் தூக்கினான்.

"வாங்க சார். என்ன வேணும்?"

தைரியநாதன் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இருளப்பன் அடிச்ச டிரம்ல ஒரு கோளாறும் கிடையாது. புகை போட்ட சீஸைச் சுத்தி வச்சுப் பதினஞ்சு நாள் விடணும். அப்பத்தான் கசப்பு போகும். அது தெரியாம அன்னைக்கே எடுத்துப் பந்தியில வச்சது நான். அறிவில்லாமப் பேசினதும் நான். இவன் கை வேலைக்கு ஈடு இந்த மலையில இல்ல. என்னை மன்னிச்சிடு மாப்ள."

 டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

இருளப்பன் முகமூடியை இறக்கினான். விட்ட இடத்திலிருந்து இரும்புக் கேட்டைப் பற்றவைக்கத் தொடங்கினான். பொறி பறந்தது. தைரியநாதன் கூசிய கண்ணோடு அங்கேயே நின்றார். ஒரு வெல்டிங் கம்பி முழுக்கத் தீர்ந்தது. இன்னொன்றை எடுத்து மாட்டினான். அதுவும் தீர்ந்தது.

முகமூடி மறுபடி மேலே போயிற்று. இருளப்பன் கண் சிவந்திருந்தது. வெல்டிங் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

"எத்தனை நாள்னு சொன்ன?"

"என்னது?"

"கசப்பு போறதுக்கு."

"பதினஞ்சு நாள்."

இருளப்பன் புதுக் கம்பியை எடுத்துப் பிடியில் மாட்டினான்.

"பதினஞ்சு நாள் கழிச்சு வா."