செங்குருவியின் அலகு குறுக்கே போன கதை

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் மரங்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, புரட்டாசி மாதம் ஐந்தாம் நாளில் இது நடந்தது. ஆண்டு எதுவென்று எவருக்கும் தெரியாது. நாள் மட்டும் தெரியும். அன்று காலை வடக்கிலிருந்து வறண்ட காற்று வீசியது. வானத்தில் மேகமே இல்லை. ஆற்றோரப் புல்லின்மேல் அவ்வாண்டின் முதல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

இடம், உலகின் வடகோடியிலுள்ள ஊசியிலைக் காடு. அங்குள்ள மரங்களில் செதில்களை அடுக்கிவைத்தாற்போன்ற கூம்புக் காய்கள் தொங்கும். ஒவ்வொரு செதிலின் அடியிலும் மெல்லிய சிறகு கொண்ட விதைகள் இருக்கும். அக்காலத்தில் அந்தக் காய்கள் விரித்த உள்ளங்கையைப்போல எப்போதும் திறந்தே இருந்தன. பசித்தவர் கிளையை அசைத்தால் போதும், விதை உதிரும்.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு மேற்கே ஒரு நாடு; கிழக்கே வேறொரு நாடு. மேற்குக் கரையில் பிறந்தவர் கிழக்குக் கரையில் கூடு கட்டக் கூடாது. கிழக்குக் கரையினர் மேற்குக் கரையில் வளை தோண்டக் கூடாது. எல்லை அவ்வளவு கண்டிப்பானது. ஆயினும், ஒரு வழக்கத்தை இரு கரையினரும் விடாமல் காத்துவந்தனர். காய் முற்றும் பருவத்தில் இரு கரைகளின் விதைக் காவலர்களும் ஒன்று கூடுவர். ஒரு கரையின் விதையில் ஒரு பங்கு மறுகரைக்குச் செல்லும். தன் கரை விதையையே திரும்பத் திரும்ப விதைத்தால் மரங்கள் மெலிந்துபோவதை அவர்கள் கண்டிருந்தனர். எந்தக் கரையில் தீப்பிடித்தாலும் மற்றக் கரை விதை கொடுத்து, அதை மீண்டும் காடாக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய உடன்படிக்கை. இதற்கு விதைக்கூட்டம் என்று பெயர்.

மேற்குக் கரையின் விதைக் காவலன் கோவையன் என்னும் செங்குருவி. கனிந்த கோவைப் பழத்தின் நிறம். ஊசிபோல் நேரான அலகு. எந்த மரம் எவ்வளவு காய்த்தது, எந்தச் சரிவில் விதை பொய்த்தது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கொடுக்கவேண்டிய பங்கில் ஒரு விதையும் குறைய விடமாட்டான்.

கிழக்குக் கரையின் விதைக் காவலாளி குஞ்சலி என்னும் அணில். அவளுடைய காது நுனிகளில் குஞ்சம் கட்டியதுபோல மயிர் நின்றது. ஒழுங்குக்கும் அவளுக்கும் வெகுதூரம். கிடைத்த விதையைக் கண்ட இடத்தில் புதைப்பாள். புதைத்த இடத்தை மறந்துவிடுவாள். மறந்தவை யாவும் அடுத்த வேனிலில் முளைக்கும். அதனால் கிழக்குக் கரைக் காடு ஆண்டுதோறும் அடர்ந்துகொண்டே போயிற்று.

கோவையனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

தெற்கே பறக்கும் நாரைகள் வழியில் தங்கும்போதெல்லாம், "மேலிருந்து பார்த்தால் கிழக்குக் கரை கம்பளம் விரித்ததுபோல இருக்கிறது. குஞ்சலியின் கை பட்ட இடமெல்லாம் காடு" என்று சொல்லிவிட்டுப் போயின. மேற்குக் கரையைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தாலும் கோவையன் தாங்கியிருப்பான்.

"நான் நினைவு வைத்துக்கொண்டு உழைக்கிறேன், அவள் மறந்துபோகிறாள். பாராட்டு யாருக்கு? மறந்தவளுக்கு" என்று அவன் தன் மனைவி பாசிமணியிடம் சொன்னான்.

பாசிமணி கூட்டுக்குப் பஞ்சு சேர்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குருவிகள் பனிக்காலத்தில் முட்டையிடுபவை. ஆகவே, இலையுதிர்காலத்திலேயே அவளுக்கு வேலை தொடங்கிவிடும்.

"நீங்களும் வேண்டுமானால் மறந்து பாருங்களேன்" என்றாள்.

"எனக்கு மறக்க வராது."

"ஆமாம். நம் திருமணத்தன்று என் அத்தை உங்களை 'இளைத்தவன்' என்று சொன்னதைக்கூட நீங்கள் இன்னும் மறக்கவில்லை."

அவ்வாண்டு வேனிலில் மழையின்றி இடி இடித்தது. மின்னல் விழுந்து கிழக்குக் கரை பற்றிக்கொண்டது. காற்று மேற்கிலிருந்து வீசியதால் தீ ஆற்றைத் தாண்டவில்லை. குஞ்சலியின் காடு முழுவதும் கரிக்கட்டையாக நின்றது. கோவையன் உயர்ந்த கிளையில் அமர்ந்து அதைப் பார்த்தான். 'ஐயோ' என்று அவன் வாய் சொல்வதற்கு முன்பே, அவன் நெஞ்சில் குளிர்ச்சியாக ஏதோ ஒன்று வந்து போயிற்று. அது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 'ஐயோ' என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னான்.

இரு கரைக்கும் பொதுவான நடுவர் ஒரு முதிய கரடி. அவர் மேற்குக் கரைக்கு வந்து சொன்னார்:

"கோவையா, பனி மூடுவதற்குள் சாம்பலில் விதை விழ வேண்டும். இல்லையென்றால் பனி உருகி வரும் வெள்ளம் சாம்பலை அடித்துக்கொண்டு போய்விடும்; வெறும் பாறைதான் மிஞ்சும். அணில்களுக்கும் குளிர்காலத்துக்கு வேறு தீனி இல்லை. நீ விதையைக் கொடுத்துவிடு. மற்றதைக் குஞ்சலி பார்த்துக்கொள்வாள். அவள் புதைத்தால் அந்தச் சாம்பலிலும் காடு வரும்."

கடைசிச் சொற்கள் கோவையனின் உள்ளே முள்ளாகத் தைத்தன. விதை என்னுடையது, காடு அவளுடையதா? என் மரத்தின் பிள்ளைகள் அங்கே வளர்வார்கள். நாரைகள் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு பறக்கும். இதை எண்ணி எண்ணி அவனுக்கு இரை இறங்கவில்லை.

விதைக்கூட்டம் நெருங்கியபோது அவன் அந்தச் செயலைச் செய்தான். மரப்பட்டையின் வெடிப்புகளில் கசியும் பிசினை அலகால் எடுத்தான். ஒரு காயின் செதில்களை மூடி, இடுக்குகளில் பூசினான். அடுத்த காய், அதற்கடுத்த காய்.

"என்ன செய்கிறாய்?" என்று மரம் கேட்டது.

"குளிர் வருகிறது. போர்த்திவிடுகிறேன்."

"இதமாகத்தான் இருக்கிறது" என்றது மரம். அது பக்கத்து மரத்திடம் சொல்லிற்று. பக்கத்து மரம் அதற்கு அப்பாலுள்ள மரத்திடம் சொல்லிற்று. கோவையன் பூசாத காய்களையும் மரங்கள் தாமே பிசின் சுரந்து மூடிக்கொண்டன. சில நாள்களில் மேற்குக் கரை முழுவதும் திறந்த காய் ஒன்றுகூட இல்லை.

புரட்டாசி ஐந்தாம் நாள் வந்தது. மிதந்துவந்த கட்டையொன்றில் குஞ்சலியும் அவள் சுற்றத்தாரும் ஆற்றைக் கடந்து வந்தனர். எல்லாரும் இளைத்திருந்தனர். குஞ்சலியின் வாலில் பாதி மயிர் கருகியிருந்தது.

"அண்ணா, என் வாலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இப்போது எலி என்று நினைத்து ஆந்தை துரத்துகிறது" என்றாள்.

கோவையன் அவளை நேராகப் பார்க்கவில்லை. "தங்கச்சி, மன்னிக்க வேண்டும். இவ்வாண்டு காய் முற்றவில்லை" என்றான்.

குஞ்சலி அருகிலிருந்த மரத்தில் ஏறினாள். ஒரு காயைப் பற்றினாள், கை ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்து முகர்ந்தாள்.

"முற்றிய காய்தான், அண்ணா. யாரோ மூடிவைத்திருக்கிறார்கள்."

கரடி கோவையனின் பக்கம் திரும்பினார். "உன் அலகில் என்ன மினுங்குகிறது?"

"பிசின்" என்றான் கோவையன். "மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று..."

"மழை பெய்து எத்தனை காலமாயிற்று?"

கோவையன் அலகைக் கிளையில் தேய்த்தான்.

"சரி, திற" என்றார் கரடி. "எப்படி மூடினாயோ அப்படியே திற."

கோவையன் ஒரு காயைக் கொத்தினான். பிசின் இறுகிக் கல்லாகியிருந்தது. மற்றொன்றைக் கொத்தினான், அதுவும் அப்படியே. அவன் மரத்தை நோக்கி, "கொஞ்சம் திறந்துகொள். இன்று மட்டும்" என்று கெஞ்சினான்.

"எதற்கு?" என்றது மரம். "பனி உள்ளே வரவில்லை, புழுவும் வரவில்லை. வசந்த வெயில் வந்து சுடும்போது திறந்துகொள்கிறோம். நீதானே கற்றுக்கொடுத்தாய்?"

அதுவரை ஒதுங்கி நின்ற பாசிமணி முன்னே வந்தாள். "வசந்தத்துக்கா? என் முட்டைகள் தை மாதத்தில் பொரியும். குஞ்சுகளுக்கு நான் எதை ஊட்டுவேன்? சொல்லுங்கள். அணில்கள் பட்டினி கிடக்கட்டும் என்று பூசினீர்கள். நம் பிள்ளைகளின் வாயிலும் சேர்த்தல்லவா பூசிவிட்டீர்கள்?"

கோவையன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு காயின் இரு செதில்களுக்கிடையே அலகின் நுனியை நுழைத்தான். கொத்துவதால் பயனில்லை, நெம்பத்தான் வேண்டும். மேலலகை ஒரு பக்கமும் கீழலகை மறுபக்கமும் தள்ளினான். காய் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உடல் வலிமை முழுவதையும் கூட்டித் தள்ளினான். ஏதோ முறியும் ஒலி கேட்டது. காய் திறந்துகொண்டது; அவனுடைய அலகின் நுனிகள் ஒன்றையொன்று கடந்து, குறுக்கே நின்றுவிட்டன.

விதைகளில் ஒன்று அவன் நாவில் தங்கியது. மற்றவை தரையில் உதிர்ந்தன. கோணிய அலகால் அவற்றைத் தரையிலிருந்து பொறுக்க அவனால் முடியவில்லை. அணில்கள் பொறுக்கிக்கொண்டன.

அவன் அடுத்த காய்க்குப் போனான். இம்முறை எளிதாகத் திறந்தது. பொழுது சாயும்வரை அவன் திறந்துகொண்டே இருந்தான். கீழே அணில்கள் கன்னம் புடைக்க நிரப்பிக்கொண்டே இருந்தன. ஓய்வெடுக்க அவன் தாழ்ந்த கிளைக்கு இறங்கியபோது குஞ்சலி அருகில் வந்து அமர்ந்தாள்.

"ஏன் செய்தீர்கள், அண்ணா?"

"உன் காடு என் கண்ணை உறுத்தியது. நீ மறந்ததற்கெல்லாம் உன்னைப் புகழ்ந்தார்கள்."

குஞ்சலி தன் கருகிய வாலைத் தடவினாள். "பனிக்காலத்தில் என் பிள்ளைகள் பசித்து அழுவார்கள். எங்கே புதைத்தேன் என்று தெரியாமல் பனியை விடிய விடியத் தோண்டுவேன். அப்போது ஒருவரும் புகழ வரவில்லை. மேற்குக் கரையிலே ஒருவன் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறானாமே என்று உங்களை எண்ணி வயிறெரிந்திருக்கிறேன்" என்றாள். பிறகு, "அலகு வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

"வலிக்கிறது."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கட்டையில் ஏறிக்கொண்டாள்.

கரடி தீர்ப்பைச் சுருக்கமாகவே சொன்னார். வசந்தம் வரும்வரை காய்களைத் திறக்கக்கூடிய அலகு அந்த ஒன்றுதான். ஆகவே, அதை ஒரு கரைக்கு மட்டும் விட்டுவைக்க முடியாது. கோவையனுக்கும் அவன் வழியினருக்கும் இனி எந்தக் கரையும் சொந்தமில்லை. எந்தக் கரையும் அயலுமில்லை. காய் எங்கே முற்றுகிறதோ அங்கே அவர்கள் போக வேண்டும்.

அதன்பிறகு நடந்தவை இவை. முதல் பெரும்பனி விழுவதற்குள் சாம்பல் நிலத்தில் விதைகள் புதைக்கப்பட்டன. அணில்கள் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தன. சில மட்டும் கடக்கவில்லை. தை மாதத்தில், பனி சூழ்ந்த கூட்டில், பாசிமணியின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளின் அலகு நேராக இருப்பதைக் கண்டு கோவையன் மகிழ்ந்தான். அவை வளர வளர நுனிகள் குறுக்கே போவதையும் கண்டான். கிழக்குக் கரையில் கன்றுகள் கரடியின் தோளுயரம் வளர்ந்த ஆண்டில் நாரைகள் குஞ்சலியைப் புகழ்ந்தன. கோவையன் அதைக் கேட்டுவிட்டு வேறு மரத்துக்குப் பறந்துபோனான். பொறாமை முழுவதும் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. அதை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க அவனுக்கு இடமில்லாமற்போயிற்று, அவ்வளவுதான்.

அன்று முதல்தான் வடகாட்டு மரங்கள் தம் காய்களை வசந்த வெயில் வரும்வரை இறுக மூடிவைக்கின்றன. அன்று முதல்தான் குறுக்கலகுச் செங்குருவி எல்லை பாராமல் நாடுவிட்டு நாடு பறந்து, காய்களை நெம்பித் திறந்து, தான் ஒரு விதையைத் தின்று பிறருக்குப் பல விதைகளை உதிர்க்கிறது.