அல்லிப்பாடி ஏரி மண்

முந்திரித் தோப்புக்கு நடுவே மண்பாண்டப் பட்டறை வைத்திருந்த பிலோமினாவுக்குச் சீடர்கள் நிறைய. அவர்களில் வயதில் மூத்தவர் சபாநாயகம். குருவுக்கே அப்பா வயது. பக்கத்துச் சக்கரத்தில் பேத்தி வயதுப் பெண்கள் பேசிக்கொண்டே ஜாடி இழுத்துவிடுவார்கள். இவர் மண் உருண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார். முட்டி வலியைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுக்க அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

பிலோமினா செய்வதெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்து நிலம்தான். தோப்புக்குப் பின்னால் மழை அரித்த செம்மண் ஓடைகள் அவள் ஜாடிகளின் வயிற்றில் வரிவரியாக இறங்கும். கடற்கரை மணல்மேடு அவள் தட்டுகளில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சபாநாயகம் வந்து சேர்ந்தார். சேர்ந்த அன்றே கேட்டார்.

"டீச்சரம்மா, ஒரு ஏரியை மண்ணுல பண்ண முடியுமா?"

"எந்த ஏரிங்கய்யா?"

"இப்ப இல்லாத ஏரி."

பிலோமினா முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு உருண்டை மண்ணைக் கையில் கொடுத்து, முதலில் இதைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துங்கள் என்றாள். அதற்கே அவருக்கு ஒரு மழைக்காலம் முழுதாகப் போயிற்று.

அல்லிப்பாடி ஏரியில் மதகு திறக்கும் வேலை பார்த்தவர் அவர். கல்யாணமான புதிதில் மதகை ஒட்டியிருந்த ஒற்றை அறைக் குடியிருப்பில் செண்பகத்தோடு குடித்தனம். அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்துவது கஷ்டம். கோடையில் தண்ணீர் உள்வாங்கியதும் செண்பகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நத்தை பொறுக்குவாளாம். முட்டிவரை கருப்பாக ஏறி வருவாளாம். காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வா என்று இவர் அதட்டினால், வீட்டுச் சுவரும் இதே மண்தானே என்று சிரித்துக்கொண்டு அப்படியே உள்ளே போவாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் சபாநாயகம் சக்கரத்தை நிறுத்திவிடுவார். உருண்டை காய்ந்துவிடும். பிலோமினா அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் போவாள்.

ஏரி போய் வெகுகாலம் ஆகிறது. செண்பகம் போய் அவ்வளவு ஆகவில்லை. ஏரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். அதில் ஒன்றில்தான் மகனும் மருமகள் ஷைலஜாவும் இருந்தார்கள். இவரும் அங்கேதான் இருந்தார். ஆனால் யார் கேட்டாலும் "பையன் வீட்ல தங்கியிருக்கேன்" என்பார். நாளைக்கே ஊருக்குக் கிளம்பப் போகிறவர் மாதிரி துணிமணியெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். ஷைலஜா அவருக்கென்று ஒழித்துக் கொடுத்த அலமாரியில் ஒரு சட்டைகூட ஏறவில்லை. கேட்டால், எதற்கம்மா உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு என்பார். அந்த ஒரு பதிலில் அவள் முகம் வாடிப்போகும்.

ஒரு நாள் பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் குழி தோண்டினார்கள். ஆழத்திலிருந்து கருப்பாக மண் வந்தது. வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்து குளியலறையில் வைத்தார். மறுபடி போய்ப் பார்ப்பதற்குள் குழியில் கான்கிரீட் கொட்டிவிட்டார்கள்.

வீடு முழுக்கச் சேற்று நாற்றம். ஷைலஜா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் தன் பழைய துப்பட்டாவில் அதைக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தவளும் அவள்தான். கல்லும் வேரும் சிமென்ட் கட்டியும் போக, ஒரு கிண்ணத்துக்கு ஆகும் மண்தான் மிஞ்சியது.

பிலோமினா அதில் ஒரு துண்டை உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்த்தாள். விரிசல் விடவில்லை. நல்ல மண் என்றாள். ஆனால் நம்முடைய சூளையின் சூட்டை இது தாங்காது, சூடு தாங்கும் வெள்ளை மண் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள் என்றாள். வேறு எந்த மண்ணும் இதில் சேரக்கூடாது என்றார் சபாநாயகம். அப்படியானால் சூட்டைக் குறைத்துப் பூந்தொட்டி சுடுகிற மாதிரி சுட்டுத் தருகிறேன், ஆனால் தண்ணீர் கசியும் என்றாள்.

"தண்ணி நிக்கலன்னா அது என்ன ஏரி, டீச்சரம்மா?"

"அதுவும் சரிதான்."

"பெரிய சூட்டுலயே வைங்க."

"உருகிட்டா?"

"உருகாது. இந்த மண்ணை எனக்குத் தெரியும்."

அந்த மண்ணில் கால் புதைய நடந்த மனிதரிடம் அதற்குமேல் என்ன வாதாடுவது? ஒரு பிடியாவது தனியாக எடுத்து வையுங்கள் என்று மட்டும் பிலோமினா சொன்னாள். அதையும் அவர் காதில் வாங்கவில்லை. இருந்த மண் அத்தனையும் போட்டு, கரையின் வளைவுகள் அப்படியே வரும்படி, அகலமாக ஒரு கிண்ணம் செய்தார். மதகு இருந்த இடத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அதற்குள் கை பழகியிருந்தது. அழகான கிண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

புது மண் எதைச் சூளையில் வைத்தாலும் அதற்கு அடியில் ஏதாவது பழைய தட்டை வைப்பது அந்தப் பட்டறை வழக்கம். உருகி வழிந்தால் சூளைக்குள் இருக்கும் கல்பலகை பாழாகாது. சூளை திறந்ததும் அந்தத் தட்டை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இந்த முறை பிலோமினா பழைய தட்டைத் தேடவில்லை. தானே சக்கரத்தில் உட்கார்ந்து, வெள்ளை மண்ணில், விளிம்பை உயர்த்தி, பெரிதாக ஒரு தட்டு இழுத்தாள். அது காயும்வரை சூளை காத்திருந்தது. சபாநாயகத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"குப்பைக்குப் போறதுக்கு எதுக்குங்க இவ்ளோ மெனக்கெடறீங்க?"

"உங்க கிண்ணம் நல்லா உக்காரணும்லங்கய்யா," என்றாள் அவள்.

சூளை ஆறித் திறந்த காலையில் ஷைலஜாதான் அவரைக் காரில் கூட்டி வந்தாள். கதவு திறந்தது. கிண்ணம் இல்லை. கரையும் இல்லை, மதகும் இல்லை. வெள்ளைத் தட்டின் பள்ளத்தில் ஏதோ கருப்பாக, தட்டோடு தட்டாக ஒட்டிப் பரவிக் கிடந்தது.

சபாநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செண்பகம் போன அன்று அழுதது போலவே அழுதார். மருமகள் பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லை.

"ஒரு பிடி எடுத்து வெக்கச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

ஷைலஜா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிலோமினா தட்டை எடுத்துப்போய் வெயிலில் ஒரு கல்லின்மேல் வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மெதுவாக அதில் ஊற்றினாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

தண்ணீர் நின்றது. நடுவில் உருகிய மண் கருப்பாக மினுங்கியது. ஓரத்தில், வெள்ளை மண்ணின்மேல் மெல்லிசாகப் படிந்த இடமெல்லாம் தேன் நிறம். கோடையில், சாயங்கால வெயிலில், ஏரி இப்படித்தான் கிடக்கும். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த கிண்ணத்தில் இது வரவே இல்லை. சபாநாயகம் குனிந்தவர் நிமிரவில்லை. செண்பகம் இந்த ஓரமாகத்தான் இறங்குவாள் என்று ஷைலஜாவுக்கு விரலால் காட்டினார்.

"இது எங்க ஏரிதான்," என்றார்.

பிலோமினா தலையாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. பழைய பிடிவாதம் திரும்பிவிட்டது.

"ஆனா இதுல என் மண்ணு மட்டும் இல்லையே. அடியில வேற எந்த ஊரு மண்ணோ இருக்கே."

"ஆமாங்கய்யா."

"எனக்கு என் மண்ணு மட்டும் போதும்னுதானே சொன்னேன்?"

பிலோமினா தட்டின் விளிம்பில் கை வைத்தாள். உண்மையிலேயே உத்தரவு கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

"அப்ப அடியில இருக்கறதை எடுத்துடட்டுங்களா, ஐயா?"

சபாநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். தட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஷைலஜாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தட்டுக்கு அடியில் கொடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.