குழிக்குள் இறங்காத காற்று

காற்றும் காடும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. குன்றின்மேல் கொற்றி என்பவள் இரும்பு உருக்கிவந்தாள். உலையில் சுள்ளி எரியும். காற்று வந்து ஊதும். ஒருநாள் பாதி வேலையில் காற்று எழுந்து போய்விட்டது. உலை அணைந்தது. உருகிய இரும்புக்கல் அப்படியே இறுகி, ஒரு கோடை முழுக்கத் தோண்டிய உழைப்பு வீணானது.

கொற்றி குன்றைக் குடைந்து பெரிய குழி ஒன்றை வெட்டினாள். காற்று திரும்பி வந்ததும், இனி இதற்குள்தான் இருக்க வேண்டும், கூப்பிடும்போது வெளியே வந்தால் போதும் என்றாள்.

"உள்ளே கிடந்தால் நான் காற்று இல்லை, கொற்றி. வெறும் புழுக்கம்."

"கூப்பிட்டால் வராதவனுக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை."

"கூப்பிட்டால் வரமாட்டேன். ஆனால் வருவேன்."

அடிவாரத்தில் நின்ற பழங்காடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும். தான் வருவதாகச் சொல்லி, மரங்களையெல்லாம் மடக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கியது. கொற்றி மண்ணைத் தள்ளி மூடினாள். அழுந்தி அழுந்திக் காடு கறுத்துக் கல்போன்ற கரியானது. கூப்பிட்டபோதெல்லாம் ஒரு துண்டு மேலே வந்தது. உலை அடைமழையிலும் எரிந்தது. வாசல் வழியே போகும் காற்றைப் பார்த்து, பிழைக்கத் தெரியாதவன் என்று கொற்றி சிரிப்பாள். அது அவள் கூந்தலைக் கலைத்துவிட்டுப் போகும்.

அவள் மகள்களும் ஆளுக்கோர் உலை வைத்தார்கள். எல்லா உலைகளிலும் கல் பாதி உருகியிருந்த ஒருநாள், கொற்றி குழிக்குள் குனிந்து கூப்பிட்டாள். கையளவு கரி வந்தது.

"இதுதான் கடைசி. நான் போகிறேன்" என்றது காடு.

எப்போது வருவாய் என்று கேட்டாள். காட்டுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

கரி தீர்ந்தது. மகள்கள் ஓடி ஓடிச் சுள்ளி பொறுக்கிப் போட்டார்கள். தீ பிடிக்காமல் புகைந்தது. உருகியதெல்லாம் இறுகத் தொடங்கிய நேரத்தில், யாரும் கூப்பிடாமல், மேற்கிலிருந்து காற்று வந்தது. பழைய பேச்சை எடுக்காமல் ஊதியது. எல்லா உலைகளிலும் இரும்பு வழிந்தது.

கொற்றி உலைவீட்டுக் கதவைச் சாத்திக் குறுக்கே நின்றாள்.

"இங்கேயே இருந்துவிடு."

"நகர், கொற்றி. சாத்திவைத்தால் நானும் ஒருநாள் தீர்ந்துபோவேன்."

அவள் காலிக் குழியைப் பார்த்தாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

"போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக் காற்று படியிறங்கியது.

வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவரும் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்வது, அந்தக் கதவு திறந்த நாளிலிருந்துதான்.