தமிழ்த்துறை மிஷின் வைத்துத் திருத்திய கதை

நல்லாம்புதூர் கலைக் கல்லூரித் தமிழ்த்துறையை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். துறைத்தலைவர் ஏகாம்பரநாதன், அவருக்கு அடுத்தபடி தாண்டவமூர்த்தி, மூன்றாவதாகப் பூங்காவனம் அம்மையார். மூன்று பேரும் நன்றாகப் படித்தவர்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே செய்து காட்டுகிறவர்கள். இந்தக் காலத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்?

ஒருநாள் முதல்வரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. "இனி விடைத்தாள்களைச் செயற்கை நுண்ணறிவே திருத்தும். ஆசிரியர்களின் கை படக்கூடாது. மதிப்பெண் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்."

மேசைமேல் இலக்கணத் தேர்வின் நாற்பத்தொரு விடைத்தாள்கள் இருந்தன. மூவரும் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"கை படக்கூடாதுன்னா, கால் படலாமா சார்?" என்று தாண்டவமூர்த்தி கேட்டார்.

"சரஸ்வதிய்யா அது! காலால தொடுவியா?" என்று துறைத்தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப முழங்கை?"

துறைத்தலைவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "முழங்கைங்கறதுலயும் ஒரு கை இருக்கே. வேணாம், வம்பு."

கடைசியில் பூங்காவனம் அம்மையார் கேண்டீனுக்குப் போய் வடை எடுக்கிற இடுக்கியை வாங்கி வந்தார். அதைக்கொண்டு ஒவ்வொரு தாளாகக் கவ்வி ஸ்கேனரில் வைத்தார்கள். விடைகளில் மசால்வடை வாசம் ஏறியது. சில விடைகளுக்கு அதுவே நல்லதாகத்தான் இருந்தது.

பிறகு துறைத்தலைவர் கம்ப்யூட்டரில் தட்டினார்: "இவற்றைத் திருத்தவும்."

மிஷின் மறுபேச்சு பேசாமல் திருத்தியது. எழுத்துப்பிழைகளை நீக்கியது. தப்பான விடைகளை அழித்துவிட்டுச் சரியானதை எழுதியது. ஒரு பையன் காலியாக விட்டிருந்த நாலு பக்கத்தையும் நிரப்பியது. நாற்பத்தொரு தாளும் ஒரு மாசு மருவில்லாமல் திரும்பி வந்தன.

தாண்டவமூர்த்தி மிஷினைப் பார்த்துக் கும்பிட்டார். "முப்பது வருஷமா நாம திருத்தறோம் சார். ஒருத்தனாவது திருந்தினானா? இது ஒரே நிமிஷத்துல நாப்பத்தொரு பேரையும் திருத்திடுச்சே!"

"எல்லாம் சரி, மார்க்கை யாருக்குப் போடறது?" என்றார் அம்மையார்.

"பதில் எழுதினவங்களுக்கு."

"எழுதினது மிஷின்தானே?"

நியாயமான கேள்வி. பட்டியலில் மிஷினுக்கு நூறு போட்டார்கள். நாற்பத்தொரு பேருக்கும் ஆப்சென்ட் போட்டார்கள். செய்தி வெளியே கசிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. மூன்றாவது தடவையாக எழுதியிருந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. திங்கட்கிழமை பாஸான பட்டியலோடு போய் நின்றால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"சார், நான் பரீட்சைக்கு வந்தேன் சார். மூணு மணி நேரம் எழுதினேன். ஆப்சென்ட்னு போட்டிருக்கீங்களே!"

"நீ வந்தது நிஜம்தாம்மா. ஆனா திருத்தினதுக்கப்புறம் அதுல உன்னோடது ஒண்ணும் மிச்சமில்லையே" என்றார் துறைத்தலைவர் அன்பாக.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அவள் அழவில்லை. "திருத்தச் சொல்லாதீங்க சார். நான் எழுதினதைக் குடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே கேட்டார்கள். மிஷின் கேட்டது: "எந்த அளவுகோலின்படி மதிப்பிட வேண்டும்?"

தாண்டவமூர்த்தி இயற்பியல் துறைக்கு ஓடி ஓர் அளவுகோலை இரவல் வாங்கி வந்தார். துறைத்தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தட்டினார்: "முப்பது சென்டிமீட்டர். மரம். ஒரு முனை உடைந்தது."

மிஷின் தானாகவே ஏதோ முடிவுக்கு வந்து பதில் சொன்னது: "நூற்றுக்கு முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது தேவை. கருணை மதிப்பெண் இரண்டை எடுத்துச் சேர்த்தால் தேர்ச்சி."

"கருணை மதிப்பெண்ணா? யாரும்மா அந்தக் கருணை?"

"நான்தான் சார்" என்றாள் மாணவி. "ஜெ. கருணைமேரி."

"அட, வெளியில போய்த் தேட வேண்டிய வேலையே இல்லை!" என்றார் துறைத்தலைவர். கருணையின் முப்பத்தெட்டிலிருந்து இரண்டை எடுத்தார். முப்பத்தாறு ஆனது. அந்த இரண்டைக் கருணைக்கே போட்டார். முப்பத்தெட்டு ஆனது.

"இன்னும் ரெண்டு குறையுதே சார்" என்றார் தாண்டவமூர்த்தி.

"அப்ப மறுபடியும் எடுத்துப் போடுவோம். பொண்ணுக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா?"

கருணைமேரி தலையிலடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கணக்குப் போடும்போது பேசக்கூடாது என்று அதட்டினார்கள். துறைத்தலைவர் முப்பத்தொரு தடவை எடுத்தார், முப்பத்தொரு தடவை போட்டார். கரும்பலகையில் இடம் தீர்ந்தது. மணி நாலே முக்கால்.

"சார், எடுத்ததை விடுங்க. போட்டதை மட்டும் கூட்டினா?" என்றார் பூங்காவனம் அம்மையார்.

கூட்டினார்கள். அறுபத்திரண்டு. ஏற்கெனவே இருந்த முப்பத்தெட்டையும் சேர்த்தால் நூறு. கருணைமேரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

துறைத்தலைவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூத்துக்கு நூறா? இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியலை. உண்மையைச் சொல்லும்மா. இந்த மார்க்கையெல்லாம் நீயா எடுத்தே?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் எங்க சார் எடுத்தேன்? முப்பத்தொரு தடவையும் நீங்கதானே எடுத்தீங்க!"

துறைத்தலைவர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"வாஸ்தவம்தான். நாங்க கண்ணால பார்த்தோமே, சார்தான் எடுத்தார்" என்றார் தாண்டவமூர்த்தி.

ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பட்டியல் போய்விட்டது. துறைத்தலைவர் ஏகாம்பரநாதன், நூறு, தேர்ச்சி. சக ஆசிரியர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதே பேப்பரில் அந்தக் காலத்தில் அவர் வாங்கியது நாற்பத்தொன்றுதான்.

மூலையில் விசும்பல் கேட்டது. துறைத்தலைவர் கருணைமேரியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அழாதேம்மா. பாஸானவங்க திங்கட்கிழமை வரணும்னுதானே அந்தக் கம்பெனியில சொல்லியிருக்காங்க? நான் போறேன். ஓசூருக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்?"