மன்னர் மண்டையைப் பிளந்தவன் யார்?

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டைச் செங்கதிர்மாறன் என்றொரு மன்னன் ஆண்டான். ஆண்டான் என்பது அரண்மனைப் பேச்சு. விடிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு யாரையாவது நாடு கடத்துவான், அவ்வளவுதான்.

முதல் தலைவலிக்கு முரசறையும் சாத்தனைத் துரத்தினான், சத்தம் இடித்ததாம். அடுத்ததற்குப் பூக்காரி நீலியை. மல்லிகை வாசம் குமட்டியதாம். அதற்கடுத்து கன்னான் மாடனை. அவன் துலக்கிய வெண்கலக் குடம் கண்ணைக் குத்தியதாம். ஒவ்வொரு முறையும் கோட்டை வாசலில் ஊரைச் சாட்சி வைத்துக் குற்றவாளியின் பெயரை வாசிப்பார்கள். உண்மைக் குற்றவாளி அகப்பட்டாலொழியத் தீர்ப்பு மாறாது. வாசிப்பவன் மதுச்சாலை அதிகாரி கூத்தரையன். ஏழையின் பெயரென்றால் அவன் குரல் கணீரென்று எழும்பும்.

மறுபடியும் வலி வந்தது. கூத்தரையன் குனிந்து, "பிரபு, அமைச்சர் பொறையாளன் பேசினால் எனக்கே தலை வலிக்கிறது" என்றான்.

"எனக்கும்தான்! அமைச்சரே, வேறு குற்றவாளியைக் காட்டும். இல்லையேல் வாசலில் உம் பெயர்தான்."

பொறையாளன் வணங்கினான். "சந்தேகம் ஒருவர்மேல் இருக்கிறது. சிறையில் அடைக்கலாமா?"

"அடையும்!"

அவன் அடைத்தது மன்னனின் மதுச்சாடியை.

"பாவம், சாடி என்ன செய்தது?" என்று கூத்தரையன் சிரித்தான்.

"மல்லிகை என்ன செய்ததோ, அதுதான்."

அன்றிரவு மன்னன் முனகிக்கொண்டே மோர் குடித்துப் படுத்தான். காலையில் தலை பஞ்சாக இருந்தது.

"தற்செயல்!" என்றான் கூத்தரையன்.

"அப்படியானால் சாடியை விடுதலை செய்வோம்" என்றான் பொறையாளன்.

ஒரே ஒரு கிண்ணம்தான் என்று மன்னன் ஆசையாகக் குடித்தான். விடிந்தபோது ஒரு பக்க மண்டையில் கடப்பாரை இறங்கியது. வெளிச்சம் குத்தியது, காக்கைச் சத்தம் இடித்தது, சந்தனம் குமட்டியது. துரத்தப்பட்டவர்களோ எல்லைக்கு அப்பால். பொறையாளனோ இரவெல்லாம் வாயே திறக்கவில்லை.

"சாடிதான் கள்ளன்! வாசலுக்கு இழுத்து வாருங்கள்!"

"சாடி தானாக வாய்க்குள் ஏறவில்லையே, பிரபு" என்றான் பொறையாளன். "குடிப்பவர் பெயரைச் சாடியின் கழுத்தில் பொறிப்பது நம் அரண்மனை வழக்கம். அந்தப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள்."

மன்னன் சாடியின் கழுத்தைப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு தலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். தன் மோதிரத்தைக் கழற்றிப் பொறையாளன் விரலில் போட்டான். துரத்திய மூவரையும் பல்லக்கில் அழைத்துவர ஆள் அனுப்பினான். ஊர் கூடியது.

"கூத்தரையா, வாசி."

"பிரபு... தொண்டை கட்டியிருக்கிறது..."

"நீலியின் பெயரை வாசித்த தொண்டைதானே? அதே குரலில் வாசி."

கூத்தரையன் சாடியைத் தூக்கிப் பிடித்தான். சனங்கள் காத்திருந்தார்கள்.

"குற்றவாளி... செங்கதிர்மாறன்!"