ஹீட்சிங்க் தேய்த்தவன்

"அம்மா, மறுபடியும் நின்னுபோச்சு," என்றான் மருதையன்.

சௌந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்த பிடியை விடாமல் கொட்டியது.

"எங்க நின்னுச்சு?"

"முக்கால் கணக்குல. சூடு நூறைத் தொட்டுச்சு, பட்டுன்னு அணைஞ்சுபோச்சு."

"சரி," என்றாள். இன்னொரு கடலையை உடைத்தாள்.

மருதையன் அவள் கையையே பார்த்தான். சரி என்று சொல்லிவிட்டுக் கடலை தின்கிற விஷயமா இது?

மலை உச்சியில் ஓர் அறை, அறைக்குள் ஒரு கணினி. மேலே பெய்கிற மழையை எல்லாம் கணக்குப் போட்டு, ஆற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று சொல்வது கணினியின் வேலை. கணினியைப் பார்த்துக்கொள்வது சௌந்தரியின் வேலை. சௌந்தரியிடம் கற்றுக்கொள்வது மருதையனின் வேலை. குருவைவிடச் சீடன் மூத்தவன். அவளை அவன் அம்மா என்பான், அவனை அவள் அண்ணே என்பாள். முறை வைத்துப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் மலையில் யாரும் பார்ப்பதில்லை.

அடிவாரத்தில், ஆற்றை ஒட்டிக் கீழத்துறை. மருதையனின் ஊர். அங்கே அவன் மகள் அல்லி, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு படுத்திருந்தாள். ஆற்றுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒரு வேலிதான்.

"கணக்கு வராட்டிப் போகுது அம்மா. கிளம்புன்னு சொல்லிடட்டுமா?"

"போன மழைக்குச் சொன்னீங்களே, என்ன ஆச்சு?"



போன மழைக்கு அவன் ஊருக்குப் போன் போட்டு, கிளம்புங்க என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்றான். அப்புறம் கிளம்புங்க என்றான். அப்புறம், எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன் என்றான். ஊர் மூட்டையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்து, கடைசியில் சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வந்த தண்ணீர் மாடுகளை அடித்துக்கொண்டு போனது. மனிதர்கள் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

அன்றிலிருந்து கீழத்துறைக்காரர்கள் மருதையன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. மருதையன் மகள் வீட்டைவிட்டு இறங்குகிறாளா என்று பார்ப்பார்கள். அவள் இறங்கினால் தெருவே இறங்கும். அவளோ காலையிலேயே சொல்லிவிட்டாள்: "நேரத்தைச் சொல்லுங்கப்பா. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மழையில சும்மா அலைய என்னால ஆகாது."

சௌந்தரி மடியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஹீட்சிங்கைக் கழற்றுங்க."

ஹீட்சிங்க் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கணினியின் மூளையான பிராசசரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே விடுகிற கட்டை. அடிப்பக்கம் செம்பு, மேலே அடுக்கடுக்காகத் தகடு. பழையது உடைந்துபோய், மருதையன் கீழே இறங்கி வாங்கிவந்த மலிவுச் சரக்கு இது. மலைப்பாதை மண் சரிந்து அடைபட்டுவிட்டது. இனி வேறொன்று வாங்க வழியில்லை.

சௌந்தரி அதைக் கவிழ்த்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைச் செம்பின்மேல் நிறுத்தி, விளக்குக்கு நேரே பிடித்தாள். நடுவில் ஒரு கோடு வெளிச்சம் கசிந்தது.

"பள்ளம்," என்றான் மருதையன்.

"பள்ளத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"காத்து இருக்கு. சூடு அதைத் தாண்ட மாட்டேங்குது. தேய்ங்க."

மேஜைக் கண்ணாடியைத் துடைத்து, அதன்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். செம்பின் அடியில் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாள்.

"எல்லாக் கோடும் ஒண்ணுபோல அழியணும்."

மருதையன் தேய்த்தான். மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்த்தான். ஓரத்துக் கோடு அழிந்தது, நடுக்கோடு அழியவில்லை. இன்னும் அழுத்தினான். உடம்பின் எடை முழுவதையும் கைக்குக் கொண்டுவந்து அழுத்தினான். காதில் மழைச் சத்தம் ஆற்றுச் சத்தமாகவே கேட்டது. அவனுக்கு மகள் நினைப்பு, பிள்ளை நினைப்பு. செம்பு நினைப்பு மட்டும் இல்லை.

போன் அடித்தது. அல்லி.

"அப்பா, படித்துறை முங்கிப்போச்சு. கிளம்பவா, இருக்கவா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்மா."

"எப்பவும் இதைத்தான் சொல்றீங்க," என்று அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் தேய்த்த தேய்ப்பில் மேஜையே நகர்ந்தது. கடைசியில் செம்பு தகதகவென்று மின்னியது. நடுக்கோடும் போய்விட்டது. ஓடிப்போய்க் காட்டினான்.

"முகம் தெரியுது அம்மா."

சௌந்தரி ஸ்கேலை வைத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். இப்போது நடுவில் வெளிச்சம் இல்லை. இரண்டு ஓரத்திலும் இருந்தது. அழுத்திய அழுத்தில் கட்டை அப்படியும் இப்படியும் ஆடி, ஓரங்கள் சரிந்துவிட்டன.

"முகம் தெரியுது," என்றாள். "வெளிச்சமும் தெரியுது."

"நேரம் இல்லம்மா."

"அதுக்குத்தான் அழுத்தினீங்களா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. குருவிடம் கோபப்பட முடியாது, செம்பிடம் கோபப்பட்டதன் பலனைத்தான் இப்போது பார்த்தாயிற்று.

சௌந்தரி அவன் கையைப் பிடித்துக் கட்டையின்மேல் வைத்தாள். உள்ளங்கைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு முழுக் கடலை ஓட்டைச் செருகினாள்.

"இது நொறுங்காம தேய்ங்க."

முதல் ஓடு உடனே நொறுங்கியது. அவள் இன்னொன்று வைத்தாள். அதுவும் நொறுங்கியது. மூன்றாவதும் போனபோது மருதையன் கையை எடுத்து உதறிவிட்டு, மூச்சை விட்டுவிட்டு, மறுபடி வைத்தான். அடுத்த ஓடு நின்றது. கட்டை தன் கனத்திலேயே கண்ணாடியின்மேல் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கோடுகள் அவனைக் கேட்காமல் அழிந்தன.

இந்த முறை செம்பு மின்னவில்லை, மங்கலாக இருந்தது. ஸ்கேலை வைத்தார்கள். வெளிச்சம் எங்கும் வரவில்லை.

"மாட்டுங்க," என்றாள்.

பிராசசரின்மேல் சூடு கடத்தும் பசையை அரிசி அளவு வைத்து, ஹீட்சிங்கை நேராக இறக்கி, எதிரெதிர் மூலையாக ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாக முடுக்கினான். வேலை சுத்தமாகவே நடந்தது. சௌந்தரி அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது ஹீட்சிங்க் அவன் கையில் இருந்தது.

"என்ன அண்ணே இது?"

"பசை எல்லாப் பக்கமும் பரவியிருக்கான்னு பார்த்தேன்."

"பரவியிருந்துச்சா?"

"நல்லாப் பரவியிருந்துச்சு அம்மா. காகிதம் மாதிரி, ஒரே சீரா."

"இப்போ?"

மருதையன் குனிந்து பார்த்தான். கட்டையைப் பிய்த்து எடுத்ததில் பசை இரண்டு பக்கமும் முள் முள்ளாக எழுந்து நின்றது. அதற்குள் காற்று புகுந்திருக்கும். அப்படியே வைத்தால் ஆகாது. துடைத்தான். புதுப் பசை வைத்து மறுபடி முடுக்கினான்.

கணக்கை ஓடவிட்டார்கள். திரையில் சூடு ஐம்பதானது, அறுபதானது. எழுபதைத் தாண்டியது. மருதையன் எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். எழுபத்தைந்து. அவனுக்கு ஆற்றங்கரை வேலி கண்ணுக்கு முன்னால் வந்தது. எண்பது வந்ததும் பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டான். சௌந்தரி வாயைத் திறப்பதற்குள் ஸ்க்ரூக்களையும் கழற்றிவிட்டான்.

தூக்கிப் பார்த்தான். பசை காகிதம்போல ஒரே சீராகப் பரவியிருந்தது. அதாவது, அவன் தூக்குகிறவரை.

"நல்லா இருந்துச்சா?" என்றாள் சௌந்தரி.

ஓடிய கணக்கும் போயிற்று, இனி முதலிலிருந்து ஓட வேண்டும். பசைக் குழாயை நசுக்கிப் பார்த்தான். கடைசியாக ஓர் அரிசி அளவு வந்தது.

துடைத்தான். வைத்தான். இறக்கினான். முடுக்கினான். கடைசி ஸ்க்ரூ நின்றதும் சௌந்தரி கையை நீட்டினாள்.

"திருப்புளியைக் குடுங்க."

கொடுத்தான். அவள் ஜன்னலுக்குப் போய், கம்பிக்கு வெளியே கையை விட்டு, அதைப் பள்ளத்தாக்கில் வீசினாள். மழையில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, நம்மகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்."

"தெரியும்."

"சூடு ஏறிச்சுன்னா?"

"ஓடவிடுங்க."

ஓடவிட்டான். அறுபது. எழுபது. மருதையன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். எழுபத்தெட்டு. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. எண்பது. திரையைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

எண்பத்திரண்டு.

எண்பத்திரண்டு.

மழை கொட்டியது. சௌந்தரி கடலை உரித்தாள்.

எண்பத்திரண்டு.

முதலில் கணக்கு நின்ற இடம் வந்தது. தாண்டியது. மருதையனின் கைகள் மரத்துப்போயின.

கணக்கு முடிந்தது. அந்தி மயங்கும் முன் ஆறு கரையை உடைக்கும், கீழத்துறையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அங்கிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் நடந்து போய்ச் சேர நேரம் இருக்கிறது, யோசித்துக்கொண்டு நிற்க இல்லை.

மருதையன் போனை எடுத்தான்.

"அல்லி, ஆறு மணிக்குத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இப்பவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு."

மறுமுனையில் அவள் பேசாமல் இருந்தாள். வழக்கமாக இதற்குப் பின்னால் வருகிற பேச்சுக்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான்மா."

போனை வைத்தான். மழைதான் கேட்டது. அவள் எழுந்தாளா, குடை இருக்கிறதா, தெரு அவளைப் பார்த்ததா, எதுவும் தெரியவில்லை. கை தானாகப் போனுக்குப் போனது. போய், அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பி வந்தது.

சௌந்தரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அண்ணே, எதுக்கும் இன்னொரு தடவை கூப்பிட்டு உறுதியாச் சொல்லிடலாமே?"

"வேண்டாம்மா," என்றான் மருதையன். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டிருப்பா. கூப்பிட்டா நிப்பா."