மணல்திட்டில் முப்பது கூடாரம்

இடம் கிடைத்துவிட்டது! மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி, வெள்ளை வெளேரென்று ஒரு மணல்திட்டு. ஸ்டீபனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போட்டுத் தரும் தொழிலை அவர் திலகவதியிடம் கற்றுக்கொண்டிருந்தார். அவள் அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நான்கு வயது மகள் மிர்னாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, காலையிலேயே டீச்சரை அங்கே அழைத்துவந்துவிட்டார்.

"பாருங்க டீச்சர்! கோலிகுண்டு வச்சா உருளாது. அவ்வளவு சமம்! சனிக்கிழமை முப்பது குடும்பம் வருது, எல்லாரும் குழந்தை குட்டியோட. இடம் சரிதானே?"

"இவ்வளவு சமமா யாரு சார் பண்ணி வச்சது?"

"ஆண்டவர்தான்!" என்று சிரித்தார்.

"மழை வந்தா?"

"சித்திரையிலயா? பத்து வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்துட்டேன் டீச்சர். இந்த ஊர்ல தூறல்கூடக் கிடையாது."

"உங்க பொண்ணை இங்க படுக்க வைப்பீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? இதோ, இப்பவே!"

ஐந்தே நிமிடத்தில் கூடாரம் எழுந்தது. மிர்னா உள்ளே பாய்ந்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அப்பா, மரத்துல குருவிக்கூடு!"

கரையோர நீர்மருதின் கவட்டில் காய்ந்த புல்லும் சுள்ளியும் கற்றையாகச் சிக்கியிருந்தன.

"ஆமாடா செல்லம்."

"கூட்டுக்குள்ள செருப்பு இருக்குப்பா!"

ஸ்டீபன் போய்ப் பார்த்தார். நீலச் செருப்பு, ஒற்றை. மிர்னாவின் காலுக்குச் சரியாக இருக்கும். கையை நீட்டினார். எட்டவில்லை. எம்பினார். அப்போதும் எட்டவில்லை.

"இதை யாரு இவ்வளவு உசரத்துல..."

"ஓடைதான் சார். போன சித்திரையில. இங்க நல்ல வெயில். மலை மேல அரைமணி நேரம் கொட்டுச்சு. ஐப்பசியில கொட்ட வேண்டியது, இப்பெல்லாம் கோடையிலயே கொட்டுது."

அவர் மரத்தைப் பார்த்தார். மணலைப் பார்த்தார்.

"ஆனா டீச்சர், பத்து வருஷக் கணக்கு..."

திலகவதி கூடாரத்தின் முன் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அந்தப் பத்து வருஷத்தையும் கூட்டிட்டு வந்து இங்க படுக்க வைங்க சார். பிள்ளையை என்கிட்ட கொடுங்க."